ராயபுரத்திலிருந்து மலைக்கு ஒரு சைக்கிள்

நான் மலை சைக்கிள் வாங்கியது எண்ணூர் சாலையால்.

எனக்கு வேலை திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில். கப்பலிலிருந்து இறங்கி வரும் காலிப் பெட்டிகளைச் சுற்றி வந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு பிடித்திருக்கிறது, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். வீடு ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பஸ் அசையாது. ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே லாரியின் ஒரே சக்கரத்தை முக்கால் மணி நேரம் பார்த்தேன். அந்தச் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். மறுநாளிலிருந்து சைக்கிளில் போனேன்.

அது கல்யாணத்துக்கு முன்பு ஓட்டிய லேடீஸ் சைக்கிள். மழைக்காலம் வந்தது. தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கியது. நான் எழுந்தேன், சைக்கிள் எழவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இரண்டாகியிருந்தது. தண்டையார்பேட்டை சைக்கிள் கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த ரோட்டுக்கு இது தாங்காதும்மா. மலையில ஓட்றாங்க பாரு, தடி டயரு, முன்னால ஸ்பிரிங்கு, அந்த மாதிரி வண்டி எடு. என்னாண்ட ஒண்ணு கீது. வாங்கின ஆளு மூணு வாட்டி கூட ஓட்டல, வித்துட்டு ஃபாரின் பூட்டாரு."

கறுப்பு நிறம். ஹேண்டில் அகலமாக, ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்து கடைக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் விட்டேன். ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. முப்பத்தாறு வயதில் நான் நடுரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வந்து மறுபடியும் அதே வேகத்தடையில் விட்டேன்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் எட்டு, பத்து நாள் கழித்துத்தான் வருவார். அந்த முறை கரைக்கு வந்தவர் வாசலில் நின்ற சைக்கிளை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாமே இது? பைக்கா, சைக்கிளா?"

"மலை ஏறுற சைக்கிள்யா."

"இங்க எங்க கீது மலை?"

ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே கல்யாணமாகி, நான் ஏறியிருந்த மிக உயரமான இடம் எங்கள் யார்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து கன்டெய்னர்களின் உச்சிதான். அதுவும் ஏணியில்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வேலைக்குப் போகிற வழியைத் தாண்டி இன்னும் வடக்கே ஓட்ட ஆரம்பித்தேன். எண்ணூர் ஆற்றுப் பாலம், அத்திப்பட்டு, ஒரு நாள் காட்டுப்பள்ளி வரை. அந்தப் பாதையில்தான், பின்னால் என் சைக்கிள் கூட்டாளியான பாயை முதலில் பார்த்தேன். சாலையோரம் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அதுவும் மலை சைக்கிள்தான், சிவப்பு. டயர் சப்பையாகக் கிடந்தது.

"பம்ப்பு கீதாமா?" என்றார்.

கொடுத்தேன். அவருடைய டியூபில் வால்வு ஒல்லி, என் பம்பின் வாய் பெரிது. பொருந்தவில்லை. தன் பையிலிருந்து அவர் ஒரு பம்பை எடுத்துக் காட்டினார். அதற்கும் பெரிய வாய்.

"கடைக்காரன் சோக்கா பம்ப்பு குடுத்தான். இந்த வண்டிக்குன்னு சொல்ல மறந்துட்டான்," என்று சொல்லி எனக்கும் ஒரு ஆரஞ்சு நீட்டினார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் அவருக்கு லுங்கி, பெட்ஷீட் மொத்த வியாபாரம். நாற்பத்தைந்து வயது. டாக்டர் சர்க்கரை என்று சொல்லி நடக்கச் சொல்லியிருக்கிறார். "நடந்தா எதிர்ல வர்றவன்லாம் தெரிஞ்சவன். நின்னு பேசி, டீ குடிச்சி, சக்கர ஏறிப்போச்சு. அதான் சைக்கிள்," என்றார். அன்று இருவரும் என் டியூபைக் கழற்றி அவர் சக்கரத்தில் மாட்டப் பார்த்து, அளவு சேராமல், கடைசியில் மீஞ்சூர் வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். வழி முழுக்கப் பேசினார். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு என்னோடு வந்து சேர்ந்துகொண்டார். இந்த முறை அவரிடம் இரண்டு வகைப் பம்பும் இருந்தன.

அப்படி நாலைந்து மாதம் ஓடியது. ஒரு காலை பாலத்தின் மேல் தண்ணீர் குடிக்க நின்றபோது பாய் சாதாரணமாகச் சொன்னார்:

"ஜவ்வாது மலையில ரேஸ் ஒண்ணு வைக்கிறாங்களாம் தங்கச்சி. நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான். பொம்பளைங்களுக்குத் தனி. நம்ம ரெண்டு பேர் பேரும் குடுத்துட்டேன்."

"பாய்! என்னக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்னுவ."

உண்மைதான், வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். அன்று முழுவதும் அவர் மீது கோபமாக இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் கவனித்தேன்: மலை எவ்வளவு செங்குத்தாக இருக்கும், எத்தனை மாதம் இருக்கிறது என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மலையில்லாத ஊரில் மலைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். விடிந்தும் விடியாத நேரத்தில் லாரி குறைவு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கித் திரும்பி மறுபடியும் ஏறுவது. முதல் நாள் நாலாவது தடவையே எனக்கு மூச்சு விசிலடித்தது. ஒரு வாரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் ஒரு நாள் கீழே வழிமறித்தார்.

"இன்னாங்க தொலச்சிட்டீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல?"

பாய் சைக்கிளை விட்டு இறங்கி, "தொப்பைய," என்றார்.

மேம்பாலம் போதாது என்று காற்றையும் மலையாக்கிக்கொண்டோம். கோடையில் பத்து மணிக்கு மேல் காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே திரும்பினால் தெக்கத்திக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சமதளத்தில் மிதிக்கிறோம், வேகமோ நடைவேகம். தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, ஒரே தாளத்தில் மிதிக்கப் பழகினேன். சவுக்குத் தோப்பு மணலில் பின்சக்கரம் புதையாமல் ஓட்டவும் பழகினேன். சில நாள் முகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பவுடர் பூசியதுபோல் படிந்திருக்கும். யார்டில் என்னோடு வேலை செய்பவர்கள், "மேக்கப்பா?" என்று கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் பொருட்டாகவே தெரியவில்லை. இடுப்பு இறங்கியிருந்தது. படுத்ததும் தூங்கினேன். காலை அலாரம் அடிப்பதற்கு முன் எழுந்து, அது அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு சொன்னபடி கேட்டது, சைக்கிள்தான் கேட்கவில்லை. கடற்கரையோரம் உப்புக் காற்றில் செயின் இரண்டே நாளில் ஆரஞ்சு நிறமாகிவிடும். பகலெல்லாம் கன்டெய்னரில் துருவைத் தேடி எழுதிவிட்டு, சாயங்காலம் வீட்டில் செயினில் துருவைத் துடைப்பேன். இதைப் பார்த்து மனம் பொறுக்காத என் வீட்டுக்காரர், ஒரு நாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் என்மீது இருந்த பிரியத்தில் ஒரு காரியம் செய்தார். படகுக்குப் போடும் கெட்டியான கிரீஸை எடுத்து, பின்சக்கரத்தைப் பிரித்து, உள்ளே இடம் விடாமல் அடைத்து வைத்துவிட்டார்.

"இனிமே தண்ணிக்குள்ள முக்கினாலும் துரு வராது," என்றார் பெருமையாக.

மறுநாள் காலை திருவொற்றியூர் தேரடிக்கு அருகில், பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடிக்க, நான் எழுந்து நின்று மிதித்தேன். பெடல் காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. வண்டி நகரவில்லை. முன்னாலும் மிதிக்கிறேன், பின்னாலும் மிதிக்கிறேன், எந்த வித்தியாசமும் இல்லை. டிரெய்லர் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மேடம், அது ஜிம்முல ஓட்ற சைக்கிளா?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் பின்சக்கரத்தை முழுதாகப் பிரித்தார். உள்ளே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, பூனை நகம் மாதிரி நாலு சின்னத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மயிரிழை போல ஒரு ஸ்பிரிங். அந்த நகங்கள் வெளியே நீட்டினால்தான் நம் மிதி சக்கரத்துக்குப் போகும். கெட்டிக் கிரீஸ் நாலையும் உள்ளேயே ஒட்டி வைத்திருந்தது.

"அட, இத்தினூண்டுதான் மொத்த வண்டியையும் இஸ்துகினு போவுதா?" என்று ஒரு நகத்தைச் சுண்டுவிரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்போது பால்ரஸ் குண்டுகளில் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடினோம். கிடைத்தது. கூடவே போன வருஷம் காணாமல் போன என் கம்மலும் கிடைத்தது.

அன்றிலிருந்து அவருக்கும் பைத்தியம் பிடித்தது. நான் ஓட்டி முடித்து வந்ததும், "சுத்து," என்பார். சக்கரத்தைச் சுற்றினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இன்ஜின் சத்தத்திலேயே நோயைக் கண்டுபிடித்துப் பழகிய காது. "பிரேக்கு எங்கியோ ஒரசுது," என்பார், ஒரசும். பின்னால் கியர் மாற்றும் கருவிக்குக் கடைக்காரர் சொன்ன பெயரைச் சொன்னேன்: டீரெய்லர்.

"டிரெய்லரா? ரோட்ல நிக்கிற டிரெய்லரு பத்தாதா உனக்கு, சைக்கிள்லயும் ஒண்ணு மாட்டி வெச்சிகீற?"

முதல் பந்தயம் ஜனவரியில் வந்தது. அவர் கடலில் இருந்தார். பாயின் கடைச் சரக்கு வண்டி ஒரு குட்டி யானை. அதில் லுங்கிக் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு சைக்கிள்களையும் படுக்க வைத்து, முந்தைய நாள் காலையே கிளம்பினோம். பாயின் மனைவி ஒரு பெரிய டப்பா நிறையப் பிரியாணி கொடுத்தனுப்பினார். மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியபோது நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு மண் ஒரே இடத்தில் நிமிர்ந்து நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாதை சாமை வயல்களுக்கு ஓரமாகப் போய், காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். பெண்களுக்கு மூன்று சுற்று. நாங்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், அவர்களுடைய சைக்கிள்கள் என்னுடையதைவிடப் பளபளப்பு. விசில் ஊதினார்கள். ஏற்றம் தொடங்கியது. நான் தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கினேன். காட்டுப்பள்ளிக் காற்றில் மிதிப்பது போலவே இருந்தது. அதைவிடச் சுலபம், முகத்தில் சாம்பல் அடிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். உச்சியை அடைந்தபோது எனக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

பிறகு கீழே பார்த்தேன்.

மேம்பாலத்தில் இறங்குவது வேறு. இங்கே பாதை வேரும் கல்லுமாகக் கிணற்றுக்குள் போவதுபோல் போனது. பிரேக்கைப் பிடித்து நின்றேன். இறங்கினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நான் முந்தி வந்த எல்லாப் பெண்களும் சர்சர்ரென்று என்னைத் தாண்டினார்கள். ஒருத்தி பிரேக் பிடித்து, "அக்கா, அடிபட்டுருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நீ போ."

எல்லாரும் மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறி, இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் ஓட்டிக்கொண்டு ஏறி, தள்ளிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது சுற்றில் வெட்கத்தில் இறக்கத்தையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, உடம்பைக் கட்டையாக்கி, பாதி தூரம் வந்திருப்பேன். பின்சக்கரத்தில் ஒரு குச்சி சிக்கி, படக்கென்று சத்தம். கியர் கருவி செயினோடு தொங்கியது. அதைச் சட்டத்தோடு பிடித்திருந்த விரல் நீள அலுமினியத் துண்டு உடைந்திருந்தது. ஹேங்கர் என்பார்கள். என்னிடம் மாற்று இல்லை. இப்படி ஒரு துண்டு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

விலகிக்கொள்ளலாம் என்று பாதையோரம் நின்ற நடுவர் சொன்னார். எனக்கு மனமில்லை. வந்ததே இதற்குத்தானே. மிச்சம் ஒன்றேகால் சுற்றையும் தள்ளிக்கொண்டே நடந்தேன். வழியில், ஒரு வீட்டு வாசலில் பாயின் சிவப்பு சைக்கிள் சாய்ந்திருந்தது. பக்கத்தில் பாய் குந்தியிருந்து, ஒரு அம்மா ஊற்றிக் கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், ரேஸு?"

"ரேஸ் எங்கமா பூடும்? சுத்திச் சுத்தி இந்தப் பக்கமாத்தான வருது? குந்து, நீயும் ஒரு வாய் குடி."

குடித்தேன். பாய் அங்கேயே இருந்துவிட்டார். நான் முடிவுக்கோட்டுக்கு வந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் ஓடிப்போய் அதை மறுபடி விரித்துப் பிடித்தார்கள். அதன் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கை தட்டினார்கள். கடைசி இடம். திரும்பி வரும்போது குட்டி யானையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே பாயும் நானும் வாணியம்பாடி வரை சிரித்தோம்.

என் வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். உடைந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒடையிறதுக்குன்னே செஞ்சதுமே. வல பாறையில மாட்டினா, வல இழுக்கிற வின்ச்சு பிச்சிகினு பூடும்னு நாங்க ஒரு பின்னு போட்டு வெப்போம். மொதல்ல பின்னு ஒடயும், வின்ச்சு தப்பிச்சிக்கும். இதுவும் அப்படித்தான். இது ஒடயலன்னா உன் வண்டியே வளைஞ்சி போயிருக்கும். நல்ல சாமான்."

தண்டையார்பேட்டை கடையில் வடிவம் வடிவமாக இருபது ஹேங்கர்கள் இருந்தன. ஒன்றும் என் வண்டிக்குச் சேரவில்லை. வரவழைக்க மாதக்கணக்காகும் என்றார் கடைக்காரர். அடுத்த பந்தயம் ஜூனில். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகளெல்லாம் கரையில் நின்றன. எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் திருவிழாதான். அவர் தினமும் வீட்டில் சாப்பிடுவார். அந்த வருடம் படகு வேலை முடிந்ததும் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, படகின் மேல் அறைக்கு வாங்கியதில் மிஞ்சிய அலுமினியத் தகட்டை அரத்தால் ராவ ஆரம்பித்தார். உடைந்த துண்டை ஒட்டி வைத்து அளவு பார்ப்பார், ராவுவார், மறுபடியும் பார்ப்பார். மரை மட்டும் லேத்துப் பட்டறையில் போட்டு வாங்கினார். நாலு நாளில் மூன்று ஹேங்கர்கள். கம்பெனிக்காரன் செய்ததைவிடச் சற்றுத் தடிமன். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தை ஆணியால் குத்தியிருந்தார்.

மிச்சமிருந்தது இறக்கம். பழுது பார்க்கப் படகுகளை இழுத்து ஏற்றும் சாய்தளம் ஒன்று துறைமுகத்தில் உண்டு. ஒரு ஞாயிறு காலை படகு ஏதும் ஏறாத நேரம் பார்த்து, அங்கே கூட்டிக்கொண்டு போனார். மேலிருந்து பார்த்தால் அதுவும் கிணறு மாதிரிதான் தெரிந்தது. பிரேக்கை இறுக்கிக்கொண்டு இறங்கினேன். அடியில் இருந்த பாசியில் சக்கரம் வழுக்க, சைக்கிளோடு தண்ணீருக்குள் போனேன். ஏலக்கூடத்துப் பக்கமிருந்து மீன்காரப் பெண்கள் கூவினார்கள்:

"தடக்காலத்துல மீன் புடிக்கப் போறியாமே? கேஸு போட்டுடுவாங்க!"

என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கினார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்:

"அலையில படகு குதிக்கிறப்போ முட்டிய வெறப்பா வெச்சிகினு நின்னா இன்னா ஆவும்?"

"வுழுவேன்."

"வெறப்பா நிக்கிற ஆளத்தான் மொதல்ல தூக்கிப் போடும். முட்டிய லூசா வுடு. வண்டி மேல கீழ போவட்டும், நீ பாட்டுக்கு நடுவுல இரு. பிரேக்க நசுக்காத, தொட்டுத் தொட்டு வுடு."

பாசி தொடங்கும் முன்பே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இருபது முறை இறங்கியிருப்பேன். அதில் ஏதோ ஒரு முறை, எந்த முறை என்று தெரியாது, உடம்பு தானாகத் தளர்ந்தது. சக்கரம் மேடு பள்ளத்தில் தடதடக்க, நான் அதற்கு மேலே மிதந்துகொண்டு வந்தேன். பயம் அப்படியே இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது, சின்ன வயதில் ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வந்தது போல. பிறகு தினமும் அங்கேதான். சாய்தளத்தில் ஏறப் படகு வந்தால் ஆட்கள், "டேய், கொஞ்சம் நில்லுங்கடா, அண்ணி எறங்கட்டும்," என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஜூன் மாதம், தடைக்காலம் முடியும் முன்பே, குட்டி யானையில் டிரைவரைத் தவிர மூன்று பேராகப் போனோம். முந்தைய நாள் மலையில் நல்ல மழை. பாதை முழுக்கச் செம்மண் சேறு. இந்த முறை பதினொரு பெண்கள். முதல் சுற்றில் ஏற்றத்திலும் முந்தினேன், இறக்கத்தையும் ஓட்டியே வந்தேன். இரண்டாவது சுற்றின் முடிவில் மூன்றாவது இடத்தில் இருந்தேன். புறப்பட்ட இடத்துக்குச் சற்று முன்னால், சேறு அப்பிய பின்சக்கரத்தில் ஒரு கொடி மாட்டியது. அதே படக்.

இந்த முறை என்ன உடைந்தது என்று இறங்கிப் பார்க்காமலே தெரிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, நாடா கட்டிய உதவி இடத்துக்கு ஓடினேன். அங்கே என் வீட்டுக்காரர் ஸ்பானர் பையோடு பாய்ந்து வந்தார். நடுவர் குறுக்கே கை நீட்டினார்.

"சார், ஓட்டுறவங்கதான் சரி பண்ணணும். நீங்க தொட்டா அவங்க அவுட்."

"தொடல சார். பேசலாமா?"

"பேசிக்கலாம்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாடாவின் ஓரத்தில் வந்து நின்றார். நான் இருக்கைக்கு அடியில் கட்டியிருந்த பையிலிருந்து அவர் ராவிய இன்னொரு ஹேங்கரை எடுத்தேன்.

"அஞ்சாம் நம்பர் சாவிய எடு. அது நாலு! அஞ்சி! பக்கத்துல கீது பாரு. ஆங். மொதல்ல சேத்தத் தொட. தொடச்சிட்டு வை. நேரா வை. மரையப் பாத்து, கோணலா ஏத்திடாத—"

"யோவ், கொஞ்ச நேரம் சும்மா இரு!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் நான் திருகத் திருக, அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையும் காற்றில் திருகிக்கொண்டிருந்ததாகப் பிறகு பாயின் வண்டி டிரைவர் நடித்துக் காட்டினார். மூன்று பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் ஆறாவது. ஹேங்கர் உட்கார்ந்தது. கியர் கருவியை மாட்டி, செயினை இழுத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கடைசி ரெண்டு கியரு வராது. அத்த வுட்டுடு. மத்தது ஓடும். கெளம்பு!"

கிளம்பினேன். ஏற்றத்தில் ஒருத்தியைப் பிடித்தேன். உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது, சேற்றில் வழுக்கி வழுக்கி, பிரேக்கை இறுக்கிக்கொண்டு இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. முட்டியைத் தளர்த்தினேன். கை பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டது. சக்கரம் இடமும் வலமுமாக நழுவியது, நழுவட்டும் என்று விட்டேன். செம்மண் கண்ணிலும் வாயிலும் தெறித்தது. நான் கத்திக்கொண்டே போனேன். "வழி, வழி" என்று கத்தியதாக நினைப்பு. அந்தப் பெண்களோ நான் சிரித்துக்கொண்டு வந்தேன் என்றார்கள். இரண்டு பேரையும் தாண்டினேன்.

மூன்றாவது இடம். ஒரு மெடல், ஒரு பை சாமை அரிசி, ஒரு பாட்டில் மலைத்தேன். என் வீட்டுக்காரர் மெடலைப் பார்க்கவேயில்லை. நேராகச் சைக்கிளுக்குப் போய், குனிந்து தன் ஹேங்கரைப் பார்த்து, "ஒண்ணியும் ஆவல," என்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். சேற்றில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்திருக்கும். தன் தோளிலிருந்த துண்டால் துடைத்துவிட்டார். இத்தனை பேருக்கு முன்னால் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பாய் இன்னும் வரவில்லை என்று உறைத்தது. ஆண்களுக்கு நேர வரம்பு உண்டு. அது முடிகிற நேரம். எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வளைவில் ஒரு சிவப்பு தெரிந்தது. பாய்தான். எங்கும் உட்காராமல், எவர் வீட்டிலும் நிற்காமல், நாக்கு வெளியே வர மிதித்துக்கொண்டு வந்தார். கோட்டைத் தாண்டிச் சைக்கிளோடு புல்லில் சாய்ந்தார்.

"டைம் முட்ஞ்சிச்சா சார்?"

நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"ரெண்டு நிமிசமா?" பாய் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ அந்தக் கடைசி மேட்டுல எதுக்கு நான் அவ்ளோ ஜல்தியா வந்தேன்?"

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் ஒரு பம்பு செட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னோம். சைக்கிள்களை மட்டும் கழுவிக்கொள்கிறோம் என்று நிலத்துக்காரரிடம் கேட்டோம். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "சைக்கிள் அப்புறம். மொதல்ல நீங்க எறங்குங்க," என்றார். சட்டை துணியோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் கொட்டியது. உப்பு இல்லாத தண்ணீர். பாய் லுங்கிக் கட்டு ஒன்றைப் பிரித்து ஆளுக்கொரு புது லுங்கியைத் துவட்டிக்கொள்ளக் கொடுத்தார்.

நாங்கள் துவட்டிக்கொண்டிருக்கையில் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. தேடினால், கழுவி நிறுத்திய என் சைக்கிளில் ஏறி அவர் வயல் வரப்பில் போய்க்கொண்டிருந்தார். இத்தனை மாதம் அதைப் பிரித்து மாட்டியவர், ஒரு நாளும் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

"யோவ், வரப்பு வளையுது! பிரேக்கப் புடி!" என்று கத்தினேன்.

"நசுக்கக் கூடாதுமே! தொட்டுத் தொட்டு—" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். அடுத்த நொடி நாற்று நட்ட சேற்றில் அவர் கிடந்தார், சைக்கிள் அவர் மேல் கிடந்தது. நிலத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் ஓடினோம். சேற்றுக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு அவர் கேட்டார்:

"இன்னொரு வாட்டி ஓட்டிக்கட்டா?"